கரையில் கிடப்பது யாருடையது?

கொங்கு மண்டலத்தில் பிறந்தவர்க்குக் கடல் என்பது யாத்திரை சென்று காணவேண்டிய பொருள். திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம் என இப்பகுதியில் எத்திசையில் நடந்தாலும் மேடும் காடும் தென்படுமேயன்றி அலையோசை கேளாது. ஆகவே தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பனியன் கம்பெனிகள் விடுமுறை விடும் நாட்களிலும், ஆடி, தை அமாவாசைப் புண்ணிய காலங்களிலும் இங்கிருந்து தென்கடல் நோக்கிப் புறப்படும் பேருந்துகள் பல. இராமேசுவரம், திருப்புல்லாணி, சேதுக்கரை, கன்னியாகுமரி என்று யாத்திரை நீள்கிறது. நீராடித் தர்ப்பணம் முடித்து, பெருமாளைச் சேவித்துத் திரும்பும்போது, அநேகமாக ஒவ்வொரு குடும்பத்தின் பையிலும் ஈர மணலோடு சில சிப்பிகளும் சோழிகளும் கூடவே வந்துவிடுகின்றன. குழந்தைகள் பொறுக்கியவை சில. குழந்தைகளின் பெயரைச் சொல்லிப் பெரியோர் பொறுக்கியவை அவற்றினும் சில கூடுதல்.

இது ஒரு குற்றமா என்று கேட்டால் எவரும் நகைப்பர். உயிரற்ற ஓடு, கரையில் கேட்பாரற்றுக் கிடப்பது, கடலோ வற்றாதது, ஒருவர் எடுப்பதோ ஒரு கைப்பிடி. போதாக்குறைக்கு, புண்ணிய தீர்த்தத்தில் கிடைத்ததாகையால் எம்பெருமான் அருளிய பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்வாரும் உண்டு. இந்தச் சமாதானங்களை அப்படியே ஏற்பதற்குமுன், ஒவ்வொன்றையும் சற்று நிறுத்தி விசாரிப்பது ஆஸ்திகர்களின் கடமையாகும். உலகனைத்தும் ஒருவனுக்கே உடைமை என்று கொண்ட சம்பிரதாயத்தில் ‘கேட்பாரற்றது’ என்று ஒரு பொருள் இருக்க முடியுமா என்பதே முதற்கேள்வி.

இக்கேள்விக்கு விடை காணத் திருப்பூர்க்காரர் தூரம் செல்லவேண்டியதில்லை. பனியன் கம்பெனியின் கட்டிங் மேஜையிலிருந்து விழும் துண்டுத் துணியை வெளியூரார் குப்பை என்பர். ஊரறிந்தவர் அவ்வாறு சொல்லார். அந்த வேஸ்ட் எடை போட்டு விற்கப்படுகிறது; ஒரு பகுதி இயந்திரம் துடைக்கும் துணியாகிறது; ஒரு பகுதி கிழித்துப் பஞ்சாக்கப்பட்டு மறுபடியும் நூலாகிறது; ஒரு பகுதி மிதியடியாகிறது. அதைத் தரம் பிரித்தே பிழைக்கும் குடும்பங்கள் எத்தனையோ உள. தரையில் விழுந்த துண்டுக்கும் ஒரு சொந்தக்காரன் உண்டென்பது இங்குள்ள பிள்ளைகளும் அறிந்த பாடம்.

கடற்கரையின் கணக்கும் அத்தகையதே. உள்ளிருந்த உயிர் போன பின்னும் சங்கின் வேலை முடிவதில்லை. துறவி நண்டு என்றொரு பிராணி உண்டு. பெயரில்தான் துறவு, வீடில்லாமல் அதனால் ஒருநாளும் இருக்க முடியாது. அதன் பின்னுடல் மென்மையானது. தனக்கென ஓடு வளர்த்துக்கொள்ளும் சக்தி அதற்கில்லை. இறந்த சங்கின் வெற்றுக் கூட்டினுள் புகுந்தே அது உயிர் வாழ்கிறது. உடல் வளரவளரப் பெரிய கூடு தேவைப்படும். ஒரு நல்ல காலிக் கூடு கரையொதுங்கினால், சில இனங்களில் நண்டுகள் பெரிதும் சிறிதுமாக வரிசையில் நின்று, பெரியது புதுக்கூட்டில் நுழைய, அது விட்ட கூட்டில் அடுத்தது நுழைய, இவ்வாறு ஒரு தெருவே குடிமாறுவதை உயிரியல் அறிஞர் கண்டு எழுதியிருக்கின்றனர். அந்த ஒரு கூட்டைப் பையில் போட்டுக்கொண்டவர் எத்தனை வீடுகளை எடுத்துச் சென்றார் என்று அவர் அறியார். யாருக்கும் பயன்படாத உடைந்த ஓடுகளும் அலையில் அரைபட்டு மணலோடு மணலாகின்றன. பாதம் பதிய நடக்கும் அந்தக் கரையில் அவற்றுக்கும் பங்குண்டு.

உயிரற்ற ஓடு என்பது இரண்டாவது சமாதானம். இதில்தான் அன்பர்கள் பெரிதும் ஏமாறுகின்றனர். சோழியின் பளபளப்பு எங்கிருந்து வருகிறது? உயிரோடிருக்கும் காலத்தில் அதன் சதைப்போர்வை ஓட்டின்மேல் படர்ந்து மூடிக் காத்து வருவதால் அம்மெருகு நிலைக்கிறது. உயிர் நீங்கி, மணலில் புரண்டு, வெயிலில் காய்ந்தால் மெருகு மங்கும், கீறல் விழும். ஆகவே மங்கிய சோழியே கடல் தானாகத் தந்தது. கடைத்தெருவில் கண்ணைப் பறிக்கும் சோழியும், விளிம்பு சிதையாத சங்கும் பெரும்பாலும் உயிரோடு பிடிக்கப்பட்டவை. அழகு கூடக்கூடக் கொலை அருகில் இருக்கிறது என்று கொள்ளலாம். மேற்றோல் நீங்கவும் வெண்மை தோன்றவும் அமிலத்தில் முக்குவதும் அவ்வணிகத்தின் வழக்கம். மாமல்லபுரத்திலும் இராமேசுவரத்திலும் கடை பரப்பியிருப்போரைப் பழிப்பதற்காக இது சொல்லப்படவில்லை. அவர்கள் வயிற்றுக்காக விற்கிறார்கள். வாங்குவோர்க்கு அந்த நிர்ப்பந்தமும் இல்லை.

வலம்புரிச் சங்கு வேட்கை இதனினும் விபரீதமானது. உண்மையான வலம்புரி மிகமிக அரிது. அரியதென்பதாலேயே செல்வம் பெருகும் என்ற ஆசையும், ஆசையாலேயே மோசடியும் வளர்ந்தன. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரத்தில் இயல்பாகவே எதிர்ப்புறம் சுழியும் வேறொரு சங்கினம் ஏராளமாக உண்டு. அதனை வலம்புரி என்று சொல்லிப் பெருந்தொகைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கச் சங்கு கொங்கு நாட்டுப் பூஜையறையில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தனம் பூசிக்கொண்டிருக்கும் வேடிக்கை இவ்வாறு நிகழ்கிறது.

சட்டமும் இதில் வாளாவிருக்கவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில், நாட்டிலஸ், இராட்சதச் சிப்பி, விரல்போல் முனை நீண்ட சில சங்குகள் உள்ளிட்ட கடல்வாழ் ஓட்டினங்கள் பல 2001இல் சேர்க்கப்பட்டன. சேதுக்கரையில் நீராடுவோர் பார்த்துநிற்கும் கடல் அந்த வளைகுடாவேயாகும். ஆயினும் சட்டத்திற்கு அஞ்சிக் கைவிடுவது ஒன்று. தர்மம் என்றறிந்து கைவிடுவது மற்றொன்று. ஈண்டு ஆராயப்படுவது பின்னது.

ஒரு கைப்பிடிதானே என்ற சமாதானமே எல்லாவற்றிலும் வலியது. பத்தாயிரம் பனியன் அடுக்கிய கம்பெனியில் ஒன்றை எடுத்தாலும் அடுக்கு குறைந்ததாகக் கண்ணுக்குத் தோன்றாது; செக்கிங் மேஜையில் எண்ணும்போது குறையும். கடற்கரையில் எண்ணுவார் இல்லாமையால் குறைவே இல்லை என்று எண்ணிவிடுகிறோம். அப்படி எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. ஸ்பெயின் தேசத்தில் சாலூ என்னும் ஊரின் கடற்கரையொன்றில் 1978 முதல் 1981 வரையிலும், மறுபடி 2008 முதல் 2010 வரையிலும் ஆய்வாளர்கள் ஒரே முறையில் சிப்பிகளை எண்ணினர். இடைப்பட்ட காலத்தில் சுற்றுலாப் பயணிகளின் வரவு மும்மடங்களவு பெருகிற்று. சிப்பிகளோ பாதிக்கும் கீழே குறைந்துவிட்டன. 2014இல் வெளியான அவ்வாய்வின்படி அக்கரையில் சுற்றுலாப் பெருக்கத்தைத் தவிர வேறு பெரிய மாறுதல் தென்படவில்லை. அங்கு வந்தவர்களில் எவரும் கரையைக் காலி செய்ய வந்தவரல்லர். ஒவ்வொருவரும் ஒரு கைப்பிடியே எடுத்திருப்பர்.

இந்தக் கணிதம் நொய்யற்கரையில் வாழ்வோர்க்குப் புதியதன்று. ஒவ்வொரு சாயப்பட்டறையும் ஆற்றில் விட்டது தன்னளவில் சிறிதே என்றுதான் தோன்றிற்று. அச்சிறிதுகள் சேர்ந்து, பாசனத்திற்கென்று கட்டி 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையைச் சாயக்கழிவின் தேக்கமாக்கின. அணை நீர் வேண்டாம் என்று உழவரே நீதிமன்றம் சென்ற விந்தை நிகழ்ந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் சலவைப் பட்டறைகளையும் மூட ஆணையிட்டபோது, குற்றவாளி யார் என்று தனித்து ஒருவரைக் காட்ட இயலவில்லை. சிப்பிக்கும் சாயத்துக்கும் அளவில் மலையளவு பேதம் இருக்கலாம். நாம் ஒருவர் செய்வதால் என்ன வந்துவிடும் என்னும் மனம் இரண்டிலும் ஒன்றே.

இனி, பிரசாதம் என்னும் வாதம். பிரசாதமாவது கொடுக்கப்படுவது, எடுத்துக்கொள்வதன்று. சந்நிதியில் அர்ச்சகர் கையால் தருவதற்குமுன் எவரும் துளசியை எட்டிப் பறிப்பதில்லை. இது தொடர்பாக அவதார சரித்திரங்களில் கவனித்தற்குரிய ஒற்றுமை ஒன்றுண்டு. திருப்புல்லாணியில் சக்ரவர்த்தித் திருமகன் தர்ப்பையைப் பரப்பி மூன்று இரவுகள் கடலரசனிடம் வழி வேண்டிக் கிடந்தான். பிராட்டியைப் பிரிந்த துயரம், காத்து நிற்கும் வானர சேனை, கையில் கோதண்டம் யாவும் இருந்தும் முதலிற் செய்தது வேண்டுகோள். பின்னரே வில்லெடுத்தான் என்பது மெய்தான். ஆயினும் கேளாமல் எடுக்கவில்லை. கிருஷ்ணாவதாரத்திலும் அவ்வாறே. சாந்தீபனி முனிவரின் மைந்தன் பிரபாச தீர்த்தத்துக் கடலில் மறைந்தான் என்றறிந்து, கண்ணனும் பலராமனும் கரையில் சென்று சமுத்திரராஜனிடம் கேட்டனர். குழந்தையைக் கொண்டவன் சங்குருக் கொண்டு நீருள் வாழும் பஞ்சஜனன் என்னும் அசுரன் என்று கடலரசன் சொல்ல, அவனை வதைத்துப் பார்த்தால் வயிற்றில் பிள்ளை இல்லை. அப்போது கைக்கொண்டதே பாஞ்சசன்னியம். அதைக் கொண்டுபோய் யமன் வாசலில் ஊதி, பிள்ளையை மீட்டுக் குருவிடம் சேர்த்தான் என்பது பாகவதம். எம்பெருமான் சங்கு தேடிக் கடலுக்குப் போகவில்லை. பிறர் பிள்ளையைத் தேடிப் போனான். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் அச்சங்கை அழைத்துப் பேசும் பதிகத்திலும், அழகிய பொருள் என்று வியப்பதைக் காட்டிலும், அவன் வாயமுதம் பெற்ற அதன் பேற்றைக் கண்டு பொறாமை கொள்வதே மேலோங்கி நிற்கிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். திருமஞ்சனத்துக்கு எடுக்கும் சங்கும் ஒரு காலத்தில் உயிர் தரித்ததுதானே? பிறந்த குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கும், இறுதி ஊர்வலத்தில் ஊதும் சங்கும் கடலிலிருந்து எடுத்தவைதாமே? ஆம். அதை மறைப்பதில் பயனில்லை. கொங்கு நாட்டார்க்குச் சங்கோடுள்ள உறவும் நேற்றையதன்று. திருப்பூருக்குக் கிழக்கே நொய்யலின் வடகரையில், பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பெயர் பெற்ற கொடுமணலில், 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் சங்கறுத்து வளையல் செய்த பட்டறைகளின் தடயங்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடற்சங்கு இவ்வளவு தொலைவு உள்நாடு வந்திருக்கிறது. சங்கைப் பயன்கொள்வதே பாவம் என்றால் இந்த மரபு முழுவதையும் தள்ளவேண்டிவரும், அது அறிவுடைமையாகாது.

வேறுபாடு தேவையிலும் பேணுதலிலும் இருக்கிறது. கோயிற்சங்கு ஒன்று தலைமுறை தலைமுறையாகக் கைமாறிப் பணிசெய்கிறது. பாட்டிக்குப் பால் புகட்டிய சங்கே பேரனுக்கும் புகட்டுகிறது. யாத்திரையில் பொறுக்கியதோ, சில நாள் ஷோகேஸில் இருந்து, பிறகு மேசையறைக்குப் போய், வீடு மாறும்போது குப்பையில் விழுகிறது. மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கிச் சங்கு குளித்தோர்க்கு அதுவே பிழைப்பு. அவர்களுக்கும் அரசு ஓர் எல்லை வகுத்திருந்தது: குறித்த குறுக்களவு எட்டாத சங்கை உயிரோடு கடலிலேயே விட்டுவிடவேண்டும். உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவனே கையில் அகப்பட்டதை அளந்து பார்த்து விட்டுவர வேண்டியிருந்தது. கணுக்கால் நீரில் நின்று பொறுக்குபவருக்கு எந்த அளவும் இல்லை.

குழந்தை ஆசைப்பட்டுக் கேட்கும்போது என்ன செய்வது என்பதுதான் கடினம். பிடுங்கி எறிவது அதற்குக் கடலின்மேல் வெறுப்பையே உண்டாக்கும். கையில் எடுத்துப் பார்க்கட்டும். புரட்டி உள்ளே கால் அசைகிறதா என்று காத்திருக்கட்டும். அசைந்தால் எங்கே எடுத்ததோ அங்கேயே வைக்கட்டும். காதில் வைத்துக் கேட்கட்டும். சங்கினுள் கேட்பது கடல் என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். உண்மையில் சங்கு எந்த ஓசையையும் சேமித்து வைப்பதில்லை; சுற்றிலும் உள்ள ஓசையே அதன் குடைவிற்பட்டு அதிர்ந்து ஒலிக்கிறது. சேதுக்கரையில் கேட்டால் அலையோசை. திருப்பூருக்குக் கொண்டுவந்து கேட்டால் மின்விசிறியின் இரைச்சலும் பக்கத்துக் கட்டடத்துத் தையல் இயந்திரங்களின் இரைச்சலும்.