குறை யார் பக்கம்?

ஆட்டிசம் உடையவருக்குப் பிறர் மனம் புலப்படாது என்று நெடுங்காலம் ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்லிவந்தது மனோதத்துவ சாஸ்திரம். அவர் மனம் பிறருக்கு மட்டும் புலப்படுகிறதோ என்று, தாமும் ஆட்டிசம் உடையவரான ஆங்கிலேய சமூகவியலாளர் டேமியன் மில்ட்டன் 2012-இல் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. எடின்பரோவில் நடந்து 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், எண்மர் கொண்ட வரிசைகளை அமைத்து, முதல்வரிடம் ஒரு கதையைச் சொல்லி, பிள்ளைகள் காதோடு காதாகச் செய்தி கடத்தும் விளையாட்டைப் போல அதனை ஒருவர்பின் ஒருவராகச் சொல்லச் செய்தபோது, ஆட்டிசம் உடையவர் மட்டுமே இருந்த வரிசைகளிலும், அல்லாதவர் மட்டுமே இருந்த வரிசைகளிலும் கதை ஏறக்குறைய ஒரே அளவில் பிழைத்துச் சென்றது. இரு சாராரும் கலந்து நின்ற வரிசைகளிலோ விவரங்கள் விரைவாக உதிர்ந்துபோயின.

தலைக்குமேல் சுழலும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு, நாம் சொன்னதை ஒரு சொல் தவறாமல் கிரகித்துவிடுகிற பிள்ளையின் முகவாயைப் பிடித்துத் திருப்பி, ‘கண்ணைப் பார்த்துப் பேசு’ என்று மரியாதை கற்பிக்கிறோம். அதே பிள்ளை கடற்கரைக்கு அழைத்துப்போகும்படி கேட்டால், முடியாது என்று சொல்லத் தாட்சண்யப்பட்டு, ‘அப்புறம் பார்க்கலாம்’ என்கிறோம். அதைச் சத்திய வாக்காக ஏற்றுச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறவனைத்தான், பேச்சின் குறிப்பறியாதவன் என்றும் சொல்லுகிறோம். நம் சுபாவத்துக்கு இசைந்துபோக அவர்கள் சிறுவயது முதலே, சொல்லிக்கொள்ளாமல், பெரும்பாடுபட்டு வருகிறார்கள். பரஸ்பரம் என்பதில் பாக்கி நிற்பது பெரும்பாலும் நம் பங்குதான்.