உப்பும் மானமும்

புறக்கோட்டையில் மொத்த வியாபார நிலையமொன்றிலே கணக்கெழுதும் இளம் பெண்ணொருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தார். அந்நிலையத்திற் சேர்ந்து நான்கு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆகியிருந்தன. தோட்டத்திலிருக்கும் தாய்தந்தையருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புபவர். தம்பியின் படிப்புச் செலவும் அவர் தலைமேலேயே இருந்தது. வேலையைப் பற்றி அவருக்குக் குறையில்லை. குறையெல்லாம் மேலாளரால் வந்தது. வாடிக்கைக்காரர் முன்னிலையிற் பெயர் சொல்லாது "ஏய்" என்று விளிப்பது, தாம் விட்ட பிழையை அவர்மேற் சுமத்துவது, லீவு கேட்டால் ஊரையும் குலத்தையும் இழுத்துப் பேசுவது, மற்றச் சிப்பந்திகளை அவரோடு பேசவிடாது தடுப்பது ஆகிய இவையெல்லாம் அன்றாட நிகழ்ச்சிகளாகிவிட்டன. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வயிறு கலங்குகிறது என்றார்.

நாம் சற்றும் யோசியாது, "இப்படியான இடத்தில் ஒரு நாளும் இருக்க வேண்டாம் பிள்ளை, கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாரும்" என்று சொல்லிவிட்டோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "நான் விட்டுட்டுப் போயிட்டா அந்த மேசைக்கு அடுத்து யாருங்க ஐயா வருவா? எங்க ஊர்ல இருந்து இன்னொரு புள்ளைதானே?" என்று கேட்டார்.

அக்கேள்வி நம்மை வெட்கப்பட வைத்தது. அவருடைய மானத்தைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு எவ்விதச் செலவும் இல்லை, செலவெல்லாம் அவருடையது. கொடுமனம் படைத்த ஒரு மேலாளரின் கீழ் வேலை செய்பவர் விலகுவதா, நிற்பதா என்பது தனியொருவரின் சொந்த விவகாரமாக மாத்திரமே கருதப்பட்டு வருகின்றது. உண்மையில் அது ஓர் அறப்பிரச்சினை, சமுதாயப் பிரச்சினையுங்கூட. அதனைச் சற்று ஆழமாகச் சிந்திப்பது நம் கடனாகும்.

இக்கேள்விக்கு நம் சமுதாயம் இரண்டு விடைகளை ஆயத்தமாக வைத்திருக்கின்றது. ஒன்று, "பொறுத்துப் போ" என்பது. மற்றது, "மானம் போனபின் வாழ்வெதற்கு" என்பது. திருக்குறளின் பொருட்பாலிலேயே 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' என ஓர் அதிகாரமும் 'மானம்' என ஓர் அதிகாரமும் அமைந்திருப்பதை நாம் அறிவோம். அதிகாரம் உள்ளவனின் அருகே வாழவேண்டிய மனிதனுக்கு இவ்விரண்டும் ஒருங்கே வேண்டியிருந்தன என்பதையே இது காட்டுகின்றது. ஆனால் நாளடைவில் இவ்விரு போதனைகளும் ஆளுக்கொன்றாகப் பங்கிடப்பட்டுவிட்டன. பொறுமை ஏழைக்கும் பெண்ணுக்கும் உரியதாயிற்று. மானம் நிலமும் குடியும் உடையவர்க்கு உரியதாயிற்று. சம்பளமின்றி ஆறு மாதம் உண்ணக்கூடியவன் மானத்தைப் பற்றி உரத்துப் பேசுவதும், ஆறு நாளும் உண்ண வழியற்றவன் பொறுமையைப் பற்றி உபதேசம் கேட்பதும் இதன் விளைவேயாகும்.

பொறுமைக்குத் துணையாக இன்னொரு கருத்தும் நம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. அதுதான் செஞ்சோற்றுக் கடன். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்று சிறு வயதிலேயே படித்துவிடுகின்றோம். துரியோதனனின் சோற்றை உண்ட கர்ணன், அவன் செய்வது தவறெனத் தெரிந்தும் அவன் பக்கமே நின்று மாண்ட கதையைக் கூத்திலும் பார்த்திருக்கின்றோம், கண்ணீர் விட்டுமிருக்கின்றோம். நன்றியுணர்வு நல்லதே. ஆயினும், சம்பளம் என்பது உப்பிடுதலா? முதலாளி தொழிலாளிக்குச் சோறு போடுகிறானா, அன்றித் தொழிலாளி முதலாளிக்குச் சோறு போடுகிறானா? இப்பெண் எழுதும் கணக்கும், மூட்டை சுமப்பவரின் தோளும், லொறிச் சாரதியின் இரவு விழிப்பும் இல்லாவிடில் அந்தக் கடையின் கதவு ஒரு நாளும் திறக்காது. மாத முடிவில் அவருக்குக் கொடுக்கப்படுவது தானமன்று. அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்ட உழைப்பின் ஒரு பகுதி, ஒரு மாதம் பிந்தி, அவரிடமே திரும்பி வருகின்றது. ஆகவே இங்கே கடன்பட்டவர் யார் என்பதை நாம் மறுபடியும் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். விலகுபவரை "நன்றி கெட்டவர்" எனப் பழிப்பது நிலப்பிரபுவின் மொழி. அது கூலி உழைப்பின் உலகிற்கு இரவலாக வந்து, முதலாளிக்கு வசதியாக இருப்பதால் நிலைத்தும் விட்டது.

விற்கப்படுவது எது என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வேலை நேரத்தை நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்திற்கு நாற்பத்தைந்து மணித்தியாலம் என வரையறுத்தது. ஊழியர் விற்பது இந்த நேரத்தின் உழைப்பை மாத்திரமே. ஆளை விற்கவில்லை, குலத்தை விற்கவில்லை, தம் பெயரையும் விற்கவில்லை. மனிதரை வெறும் கருவியாக மாத்திரம் நடத்தலாகாது என்று ஜேர்மானியத் தத்துவ ஞானி கான்ட் 1785இல் எழுதியது இங்கே பொருந்தும். அக்கொள்கை பேரேட்டு மேசைக்கு வரும்போது அதன் பொருள் மிக எளியது: கணக்கிற் பிழையிருந்தால் அதைச் சொல்ல மேலாளருக்கு உரிமையுண்டு; கணக்கு எழுதுபவரை இழிவுபடுத்த உரிமையில்லை.

விலகும் உரிமையை ஏதோ கோழைத்தனம் போலக் கருதுவோரும் உளர். அவர்கள் நம் நாட்டுச் சரித்திரத்தை மறந்தவர்கள். 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தின் கீழ், அறிவித்தல் கொடாது வேலையை விட்டுச் சென்ற தோட்டத் தொழிலாளி குற்றவாளியாகச் சிறைக்கு அனுப்பப்பட்டான். போதாக்குறைக்குத் 'துண்டு' முறையும் இருந்தது. தொழிலாளியின் பெயரில் உள்ள கடன் அத்துண்டில் எழுதப்பட்டிருக்கும். அக்கடனைப் புதிய தோட்டம் தீர்த்தாலன்றி அவன் இடம்மாற முடியாது. கொடுமைக்காரத் துரையிடமிருந்து கொடுமை குறைந்த துரையிடம் போவதற்குக்கூட அவனுக்கு வழியில்லை. துண்டு முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இப்பெண்ணின் பாட்டனுக்குப் பாட்டன் பெறமுடியாதிருந்த உரிமையே இன்று அவர் கையிலிருக்கும் இராஜினாமாக் கடிதம். அதை எளிதாக எண்ணலாகாது.

ஆனால் சட்டம் துண்டைக் கிழித்தெறிந்த பின்னரும் பசி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கூலி உழைப்பாளி இரு பொருளிற் சுதந்திரமானவன் என்று கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளிவந்த 'மூலதனம்' நூலில் விளக்கினார். தன் உழைப்புச் சக்தியை விற்க அவனுக்குச் சுதந்திரமுண்டு. அதைத் தவிர விற்பதற்கு வேறெதுவும் இல்லாத 'சுதந்திரமும்' அவனுக்குண்டு. 2022இல் நாடு கடனடைக்க முடியாது நின்றதையும், அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பில் விலைவாசி ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட ஏறத்தாழ எழுபது சதவீதம் உயர்ந்ததையும் அனுபவித்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. சம்பளமற்ற மாதத்தில் நம்மவரைத் தாங்குவது உறவினர் வீடும் அடகுக் கடையுமே. எனவே, "பிடிக்காவிட்டால் போகலாமே" என்று சொல்லும் முதலாளி சுதந்திரத்தைப் பற்றிப் பேசவில்லை. பசியைப் பற்றியே பேசுகிறான்.

இதனாலேதான் கணக்குப் பார்ப்பது இழிவன்று என்கிறோம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி, பதினைந்து பேருக்குக் குறையாது வேலை செய்யும் நிலையத்தில் ஐந்து ஆண்டு சேவையை முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் சேரவேண்டும். அப்பெண்ணுக்கு அந்த எல்லைக்கு எட்டு மாதமே குறைவாக இருந்தது. ஊழியர் சேமலாப நிதியோ, தொழிலாளியின் எட்டு வீதமும் முதலாளியின் பன்னிரண்டு வீதமுமாகச் சேர்ந்தது, வேலையை விட்டாலும் அழியாது. "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று கோபத்தில் எழுதிக் கொடுத்தவர், பின்னர் தாம் வெளியேற்றப்பட்டதாகத் தொழில் நியாய சபையில் நிறுவுவது கடினம். விலகும்படி நெருக்கப்பட்டு விலகியதும் வேலை நீக்கமாகக் கொள்ளப்படலாம்; ஆனால் அதற்குச் சான்று வேண்டும்; ஆறு மாதத்துள் முறையிடவும் வேண்டும். இவற்றை அறியாது மானத்தை மாத்திரம் துணைகொண்டு வெளியேறுபவர், தமக்குரியதைத் தம்மை அவமதித்தவனுக்கே விட்டுச் செல்கின்றார்.

எனினும் கணக்கு முழு விடையாகாது. கணக்கிலே வராத நட்டமும் ஒன்றுண்டு. முதலில், கண்டிப்பையும் பகையையும் பிரித்தறிய வேண்டும். வேலை திருந்தினால் கண்டிப்புக் குறையும்; பகையோ வேலை திருந்தத் திருந்தக் கூடும், ஏனெனில் அதன் இலக்கு வேலையன்று, ஆள். இது பகையே எனத் தெளிந்தபின், அது நம்மை என்ன ஆக்குகின்றது என்று பார்க்க வேண்டும். அப்பெண் விடைபெறும்போது ஒன்று சொன்னார். கடைக்குத் தேநீர் கொண்டு வரும் முதியவர் ஒரு நாள் சற்றுப் பிந்தி வந்தாராம். மேலாளர் தம்மிடம் கூறும் அதே சொல்லைத் தாம் அவரிடம் கூறிவிட்டதாகச் சொல்லி அழுதார். அவமானம் தண்ணீரைப் போன்றது. பள்ளத்தை நோக்கியே ஓடும். மேலிருந்து வாங்கியதைக் கீழே கொடுக்கத் தொடங்கும் நாளே பொறுமை அடிமைத்தனமாக மாறும் நாள். வயிற்று வலியையும் தூக்கமின்மையையும் ஒருவர் சில காலம் சகிக்கலாம். தாம் வெறுப்பவனாகவே தாம் மாறுவதைச் சகிக்கலாகாது. விலகுவதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நாம் அறியோம்.

அடுத்து, அவர் கேட்ட கேள்வி. அல்பேர்ட் ஹேர்ஷ்மன் என்னும் பொருளியலறிஞர் 1970இல் வெளியிட்ட நூலொன்றில், சீர்கெடும் நிறுவனத்தில் உள்ளவர்களுக்கு விலகுதல், குரல் கொடுத்தல் என இரு வழிகள் உண்டென்று காட்டினார். துணிவும் திறமையும் உடையவர்கள் முதலில் விலகிவிட்டால், குரல் கொடுக்க எஞ்சுபவர் யாருமில்லாது போகும் என்பதையும் அவர் கவனித்தார். கெட்ட மேலாளர்கள் நெடுங்காலம் நிலைப்பதன் இரகசியம் இதுவே. ஒவ்வொருவராக வருந்துகின்றனர், ஒவ்வொருவராக விலகுகின்றனர், மேசை மாத்திரம் அப்படியே இருக்கின்றது.

அதற்காக, பின்னால் வரப்போகும் எல்லோருக்காகவும் ஒருவர் அங்கேயே கிடந்து தேய வேண்டுமா? அவ்வாறு கேட்க எவருக்கும் உரிமையில்லை. தனிமனிதரின் தியாகத்தை வேண்டி நிற்கும் நியாயம், அநியாயக்காரனிடம் கேட்கவேண்டியதைப் பாதிக்கப்பட்டவரிடம் கேட்கின்றது. ஆனால் சத்தமின்றிப் போய்விடுவதும் முடிவாகாது. விலகுபவருக்குள்ள கடமை சிறியது, ஆனால் உறுதியானது: நடந்ததை நடந்தபடி பதிந்து வைத்தல், உண்மையான காரணத்தை எழுத்திற் சொல்லுதல், உடன் வேலை செய்பவர்களிடமும் அடுத்து வருபவரிடமும் மறையாது பேசுதல், இயலுமாயின் அவர்களோடு சேர்ந்து கேட்டல். தொழிற்சங்கம் ஒன்றைப் பதிவு செய்வதற்கு நம் நாட்டுச் சட்டப்படி ஏழு பேர் போதும். 2019இல் ஜெனீவாவிற் கூடிய சர்வதேச தொழில் மாநாடு, வேலைத்தலத்து வன்முறையையும் தொந்தரவையும் பற்றிய 190ஆம் சமவாயத்தை நிறைவேற்றி, உடலைத் தொடாது மனத்தைக் காயப்படுத்துவதையும் அதில் அடக்கியது. ஆனால் மாநாட்டுத் தீர்மானம் புறக்கோட்டைக் கடைக்குள் தானே நடந்து வராது. அதைக் கொண்டு வருவதற்கு ஏழு பேராவது வேண்டும்.

அப்பெண் நம் அவசர ஆலோசனையைக் கேட்கவில்லை. ஒரு கொப்பியில் திகதியிட்டு எல்லாவற்றையும் எழுதினார். தேநீர் கொண்டு வரும் முதியவரிடம் மன்னிப்புக் கேட்டார். வாடிக்கைக்காரர் முன்னிலையில் ஊழியரை ஏசக்கூடாது என்று முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருடன் வேறு இருவரும் கையொப்பமிட்டனர். சில வாரங்கள் மேலாளரின் குரல் தாழ்ந்தது. பின்னர் பழையபடி உயர்ந்தது. ஐந்து ஆண்டு நிறைந்த பின்னர், காரணத்தைத் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டு, குறைந்த சம்பளத்தில் வேறோரிடத்திற் சேர்ந்தார். மேலாளர் இன்னும் அங்கேயே இருக்கின்றார். ஆனால் கையொப்பமிட்ட இருவரும் அங்கேயே இருக்கின்றனர். கொப்பியின் பிரதி அவர்களிடம் இருக்கின்றது. அந்த மேசைக்குப் புதிதாக வந்த பெண்ணை முதல் நாளிலேயே அவர்கள் மதிய உணவுக்குத் தம்மோடு அழைத்துக்கொண்டனர்.

இதை வெற்றியென்று நாம் சொல்லவில்லை. நிற்பதா விலகுவதா என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. அது அவரவர் வீட்டு அடுப்பையும் பொறுத்தது. நின்றாலும் விலகினாலும், நாம் அவமதிக்கப்பட்டதைப் பிறருக்குக் கடத்தாதிருந்தோமா, நமக்குப் பின் வருபவரைத் தனியே விடாதிருந்தோமா என்பவையே கேட்கவேண்டிய கேள்விகள். நாம் கடன்பட்டிருப்பது அம்மேசைக்கு அடுத்து வருபவருக்கே.