சித்தம்பூண்டிப் பாறையும் ஆவணிச் சப்தமியும்

ஆகஸ்ட் 23 நம் நாட்டின் தேசிய விண்வெளி நாள். 2023இல் அந்நாள் மாலை ஆறு மணி கடந்த சில நிமிடங்களில் சந்திரயான்-3இன் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவின் தென்துருவத்தை நோக்கிய பகுதியில், ஏறத்தாழ 69 பாகைத் தென் அகலாங்கில் இறங்கியது. இந்த ஆண்டு நிறைவுக்குள் இருக்கும் அடுக்குகளைப் பொறுமையாகப் பிரித்துப் பார்ப்போம். அவற்றுள் ஓர் அடுக்கு கொங்கு மண்ணிலேயே கிடக்கிறது.

முதலில் நாள். விக்ரமும் பிரக்யான் ஊர்தியும் சூரிய ஒளியால் இயங்குபவை. நிலவில் ஒரு பகல் நம் கணக்கில் சுமார் 14 நாள். ஆகவே இறங்குமிடத்தில் காலை வெயில் படும் வேளையில் இறங்கினால்தான் முழுப் பகலும் பணிக்குக் கிடைக்கும். அன்று ஆவணி 6, வளர்பிறைச் சப்தமி. திதி என்பது வானில் சூரியனுக்கும் நிலவுக்கும் உள்ள கோண இடைவெளியைப் பன்னிரண்டு பன்னிரண்டு பாகைகளாகப் பகுத்த அளவு. நிலவில் எந்தப் பகுதி விடிகிறது, எது இருளில் கிடக்கிறது என்பதையும் அதே இடைவெளியே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நம் ஊர்களில் குருபூசையையும் நினைவு நாளையும் திதி, நட்சத்திரம் பார்த்துக் குறிப்பது போல இந்நாளையும் ஆவணிச் சப்தமி என்று குறித்தால், அதற்கு இயற்பியலின் ஒப்புதலும் உண்டு.

அடுத்தது நிலம். பூமியிலிருந்து பார்க்கையில் நிலவில் தெரியும் கருந்திட்டுகள் எரிமலைக் குழம்பு பரவி உறைந்த பசால்ட் சமவெளிகள். வெண்மையாகத் தெரிபவை மேட்டு நிலங்கள். அவற்றின் அடிப்படைப் பாறை அனார்த்தசைட். 1969இல் அப்பல்லோ 11 ஒரு கருந்திட்டுப் பகுதியிலிருந்து அள்ளி வந்த மண்ணில் சிறு வெண்துணுக்குகள் கலந்திருந்தன. அவை தொலைவிலுள்ள மேட்டு நிலங்களிலிருந்து சிதறி வந்தவை என்று ஜான் வுட் குழுவினர் கண்டனர். நிலவு பிறந்த புதிதில் அதன் மேற்பரப்பு முழுவதும் உருகிய பாறைக்கடலாக இருந்தது, அது ஆறியபோது கனமான கனிமங்கள் அடியில் படிந்தன, இலேசான பிளாஜியோகிளேஸ் படிகங்கள் மேலே மிதந்து ஓடாக உறைந்தன என்பது அவர்கள் எடுத்துரைத்த கருத்து. சில வெண்துணுக்குகளிலிருந்து ஒரு கோளத்தின் பிறப்பையே ஊகித்த இந்தத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இங்கே நாமக்கல் மாவட்டம் வருகிறது. சித்தம்பூண்டி, குன்னமலை வட்டாரத்தில் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள அனார்த்தசைட் பாறைத்தொடர் தரைக்கு மேலேயே தெரிகிறது. உடைத்த துண்டைக் கையில் எடுத்தால், சாம்பல் கலந்த வெண்மணிகளின் நடுவே ஹார்ன்பிளெண்ட் கனிமம் கருங்கோடாக ஓடுவதைக் காணலாம். நிலவுக்குப் பயணம் தொடங்கும் முன்பே, 1956இல், ஏ. பி. சுப்பிரமணியம் இப்பாறைத்தொடரின் கனிம இயல்புகளை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்.

பூமியில் அனார்த்தசைட் வேறு இடங்களிலும் உண்டு. நிலவு மண்ணுக்கு மாற்றாகச் சித்தம்பூண்டி ஏன் பொருந்தியது? பிளாஜியோகிளேஸ் ஒரே கனிமம் அன்று. சோடியம் மிகுந்த ஒரு முனையிலிருந்து கால்சியம் மிகுந்த மறுமுனை வரை நீளும் தொடர். பூமியின் பெரிய அனார்த்தசைட் பாறைகள் பலவற்றில் அது நடுவிலேயே நின்றுவிடுகிறது. நிலவின் மேட்டு நிலத்திலோ அது கால்சிய முனையை ஒட்டியே இருக்கிறது. சித்தம்பூண்டிப் பாறையும் கால்சிய முனைக்கு அருகில் நிற்பது. இரண்டும் உருவான வழி ஒன்றல்ல. நம் பாறை பூமிக்கடியில் பெரும் வெப்ப அழுத்தங்களுக்கு உட்பட்டு மாறியது. வேதியியல் மட்டுமே அவற்றை உறவாக்குகிறது.

நிலவில் இறங்கும் கலத்தையும் ஊர்தியையும் முன்கூட்டிச் சோதிக்க நிலவு மண்ணைப் போன்ற போலிமண் வேண்டும். அமெரிக்காவில் எரிமலைச் சாம்பலிலிருந்து செய்த ஜேஎஸ்சி-1 என்னும் போலிமண் கருந்திட்டு மண்ணை ஒத்தது. துருவத்தை நோக்கிய மேட்டு நிலத்துக்கு அது பொருந்தாது. எனவே சேலம் பெரியார் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்களின் துணையோடு இஸ்ரோ நாமக்கல் பாறையைத் தேர்ந்து, பொடித்து, பெங்களூருக்குக் கொண்டுசென்றது. நிலவில் காற்றும் நீரும் இல்லாமையால் மண்துகள்கள் உருண்டு மழுங்குவதில்லை. முனை கூர்மையாகவே நிற்கும். ஊர்தியின் சக்கரம் எவ்வளவு புதையும், எங்கே வழுக்கும் என்பதெல்லாம் துகளின் அளவையும் வடிவையும் பொறுத்தவை. ஆகவே பாறையின் வேதியியலோடு துகளின் அளவும் பொருந்த வேண்டியிருந்தது. இந்த மண்ணுக்கு 2020இல் இஸ்ரோ காப்புரிமை பெற்றது. சந்திரயான்-2க்காகத் திரட்டிய மண் அது. 2019 செப்டம்பர் 7 அன்று அதன் தரையிறங்கு கலம் நிலவின் தரையில் மோதியது. மண் அடுத்த கலத்தின் சோதனைகளுக்கும் பயன்பட்டது.

இறங்குமிடத்தின் மண் உண்மையில் எத்தகையது என்பது அங்கே போய்ப் பார்க்கும்வரை அனுமானமே. பிரக்யான் நூறு மீட்டருக்குச் சற்று மேல் ஊர்ந்து, 23 இடங்களில் எக்ஸ்-கதிர் நிறமாலைமானியால் மண்ணை அளந்தது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தினர் தலைமையிலான ஆய்வு முடிவு 2024 ஆகஸ்ட் 21 அன்று, முதல் ஆண்டு நிறைவுக்கு இரண்டு நாள் முன்பு, நேச்சர் இதழில் வெளிவந்தது. இரும்பு கலந்த அனார்த்தசைட்டே அங்கு மேலோங்கியது. 23 இடங்களிலும் மண் ஏறத்தாழ ஒரே சீரானது. பாறைக்கடல் கொள்கைக்கு இது புதிய சான்று.

ஆனால் எதிர்பார்த்ததைவிட மக்னீசியம் சற்று மிகுதியாக இருந்தது. தென்துருவ-ஐட்கன் பெருங்குழியை உண்டாக்கிய பழைய மோதல், நிலவின் ஆழத்துப் பொருளைத் தோண்டி இங்கே வீசியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். சித்தம்பூண்டி மண்ணைக் கொண்டு ஒத்திகை பார்க்க முடிந்தது நிலவின் மேலோட்டை மட்டுமே. இந்த ஆழத்துப் பொருளை அளக்க அங்கேயே சென்று இறங்க வேண்டியிருந்தது.