ஓதத் தெரியாமல் போயிருந்தால்?

2013 ஏப்ரல். பாகிஸ்தான் பொதுத்தேர்தலுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. தேரா இஸ்மாயில் கானில் வேட்புமனு தாக்கல் செய்த முசரத் ஷாஹீன், தேர்தல் அலுவலர் முன்னால் நிற்கிறார். ஒரு காலத்தில் பஷ்தூ சினிமாவின் பெரும்புகழ் நடிகை. குர்ஆனிலிருந்து ஓதிக்காட்டும்படி அவரிடம் சொல்கிறார்கள். அவர் ஓதுகிறார். மனு ஏற்கப்படுகிறது.

இதை முதலில் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கவர்ச்சி நடிகைதானே என்று இளக்காரமாகப் பார்த்தவர்களின் வாயை அடைத்துவிட்டார் என்று தோழிகளிடம் சொன்னேன். அவர்களில் ஒருத்தி கேட்டாள்: “ஓதத் தெரியாமல் போயிருந்தால்?”

அன்று என்னிடம் பதில் இல்லை.

அந்தத் தேர்தலில் ஆண் வேட்பாளர்களுக்கும் இப்படிப்பட்ட சோதனைகள் நடந்தன. வேட்பாளர் நன்னடத்தை உடையவராக, மார்க்க அறிவு உள்ளவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை அரசியல் சட்டத்தின் 62ஆம் பிரிவில் 1985இல் சேர்த்தவர் ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக். தேவையற்ற கேள்விகளைக் கேட்கக் கூடாது என்று லாகூர் உயர்நீதிமன்றம் தலையிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் ஓர் ஆணுக்கு அந்தப் பரீட்சை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. ஒரு நடிகைக்கோ, அவள் முதன்முதலாகக் கேமரா முன் நின்ற நாளிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

பாகிஸ்தானில் பஷ்தூ சினிமாவின் கதை 1970இல் வந்த ‘யூசுப் கான் ஷேர் பானோ’ படத்திலிருந்து தொடங்குகிறது. நாட்டார் காதல் கதையொன்றைத் தழுவிய அந்தப் படத்தில் யாஸ்மின் கானும் பதர் முனீரும் நடித்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தச் சினிமா காதலிலிருந்து துப்பாக்கிக்கும் கவர்ச்சி நடனத்துக்கும் நகர்ந்தது. அதுவும் எப்போது? ஒழுக்கத்தைச் சட்டமாக்கிய ஜியாவின் காலத்தில்தான் அந்தப் போக்கு வலுத்தது. குடும்பங்கள் அரங்குகளை விட்டு விலகின. ஆண்கள் மட்டுமே நிறைந்த அரங்குக்காகவே படங்கள் எடுக்கப்பட்டன. முசரத் ஷாஹீனின் புகழ் அந்த அரங்குகளில்தான் வளர்ந்தது. 1990இல் வந்த ‘ஹசீனா ஆட்டம் பாம்’ அவருடைய பெயரோடு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த அரங்குகளின் ஒரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நம்மூரில் ‘பிட்டு’ என்கிறோமே, அதற்கு அங்கே ‘டோட்டா’ என்று பெயர். தணிக்கைக்குப் போகாத ஆபாசத் துண்டுகளைச் சில அரங்குகளில் படத்துக்கு நடுவே ஒட்டி ஓட்டினார்கள். ஒட்டியவர் அரங்குக்காரர், காசு பார்த்தவரும் அவரே. படத்தின் நடிகைக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆனால் வெளியே சுவரொட்டியில் இருந்தது அவள் முகம். மானம் போனதும் அவளுக்குத்தான்.

ஒரு படம் ஓடுவதற்கு எத்தனை பேர் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பணம் போடுபவர், எடுப்பவர், விநியோகிப்பவர், சான்றிதழ் தருபவர், கூடவே ஆடும் நாயகன், சீட்டு வாங்கி உள்ளே போகிற ஆயிரக்கணக்கான ஆண்கள். இவ்வளவு பேர் சேர்ந்து செய்த ஒரு காரியத்தின் அவமானம் முழுவதும் எப்படி ஒரே ஒருத்தியின் உடம்பில் வந்து தங்குகிறது? பதர் முனீர் நூற்றுக்கணக்கான படங்களில் நடித்தார். அவர் நாயகனாகவே இருந்தார். பார்த்தவன் அரங்கை விட்டு வெளியே வரும்போதே சுத்தமாகிவிடுகிறான். பார்க்கப்பட்டவள் ஆயுளுக்கும் அங்கேயே நிற்கிறாள்.

இதற்குப் பழைய வேர் உண்டு. பஷ்தூன் சமூகத்தில் பாட்டும் மேளமும் தொழிலாகக் கொண்டவர்களை ‘டம்’ என்று கீழே வைத்தார்கள். திருமணத்துக்கு அவர்கள் வேண்டும். சமமாக உட்கார வைக்க மாட்டார்கள். ‘கூத்தாடி’ என்ற சொல்லை வசவாகக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1997 தேர்தலில் இந்த நடிகை, மௌலானா ஃபஸ்லுர் ரஹ்மானின் சொந்த ஊரில் அவரையே எதிர்த்து நின்றார். பலருக்கு அது வேடிக்கையாக இருந்தது. மதகுருவுக்கு எதிராக நடனக்காரி! அவர் ஜெயிக்கவில்லை. பிறகு ஒரு கட்சி தொடங்கினார், 2013இல் திரும்பவும் வந்தார். அப்போதும் தோற்றார்.

இப்போது தோழியின் கேள்விக்கு வருகிறேன். எனக்கு ஏன் அவ்வளவு மகிழ்ச்சி? அவர் தேறிவிட்டார் என்பதால். அப்படியென்றால் தேர்வு சரி என்று நானும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ‘அவள் நீங்கள் நினைப்பது போன்றவள் இல்லை’ என்ற வாதத்துக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது: நீங்கள் நினைப்பது போன்றவளாக இருந்திருந்தால், நீங்கள் செய்வது சரிதான்.

பெண்ணியவாதிகளான நம்மிடமும் ஒரு வினாத்தாள் இருக்கிறது. வறுமையால் நடிக்க வந்தாளா? அப்படியானால் பரிதாபத்துக்குரியவள், மன்னிக்கலாம். கலகம் செய்ய வந்தாளா? அப்படியானால் கொண்டாடலாம். இரண்டும் இல்லாமல், வேலை கிடைத்தது, ஆட வந்தது, சம்பாதித்தாள் என்றால் அவளை எங்கே வைப்பது என்று நமக்குத் தெரிவதில்லை. பலியாள் என்றோ போராளி என்றோ சான்றிதழ் கேட்கும்போது நாமும் அந்தத் தேர்தல் அலுவலரின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

ஒரு மறுப்பு எழும். அந்தப் படங்கள் பெண்ணைச் சதையாகக் காட்டின. அவற்றால் மற்றப் பெண்களுக்குத் தீங்கு இல்லையா? உண்டு. அந்தப் படங்களைக் கடுமையாகவே விமர்சிக்கலாம். நடிகையின் பங்கையும் சேர்த்தே விமர்சிக்கலாம். அவளும் முடிவெடுக்கத் தெரிந்தவள்தான், அவளைக் குழந்தையாக்க வேண்டாம். ஆனால் ஒருவர் செய்த வேலையை மதிப்பிடுவது வேறு. அவருக்கு மரியாதையும் உரிமையும் உண்டா என்று தீர்ப்பு எழுதுவது வேறு. மோசமான படத்தில் நடித்தவள் மோசமான படத்தில் நடித்தவள், அவ்வளவுதான். ஓட்டுக் கேட்கும் உரிமைக்கும் உயிரோடு இருக்கும் உரிமைக்கும் அதில் சம்பந்தமில்லை.

உயிர் என்று சும்மா சொல்லவில்லை. ஃபஸ்லுர் ரஹ்மானின் கட்சி இடம்பெற்ற மதக் கட்சிகளின் கூட்டணி 2002இல் அந்த மாகாணத்தில் ஆட்சிக்கு வந்தது. பேருந்துகளில் பாட்டு நின்றது. பெஷாவரின் நிஷ்தர் அரங்கம் இசை நிகழ்ச்சிகளுக்கு மூடப்பட்டது. விளம்பரப் பலகைகளில் பெண் முகங்கள் அழிக்கப்பட்டன. 2009 ஜனவரியில் ஸ்வாத் பள்ளத்தாக்கின் மிங்கோராவில் நடனக் கலைஞர் ஷபானாவைத் தாலிபான்கள் கொன்று, உடலை ஊர்ச் சந்தியில் போட்டார்கள். பலகையில் முகத்தை அழித்தவர்களும் சந்தியில் ஒருத்தியைக் கொன்றவர்களும் ஒரே ஆட்கள் அல்ல. ஆனால் ‘இவள் எப்படிப்பட்டவள்?’ என்ற கேள்வி இருவருக்கும் பொது. அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருந்தவர்களை மட்டும் காப்பாற்ற நினைத்தால், ஷபானாவை நாம் காப்பாற்ற முடியாது.

முசரத் ஷாஹீன் தொடங்கிய கட்சியின் பெயர் தெஹ்ரீக்-ஏ-மசாவாத். மசாவாத் என்றால் சமத்துவம். அதற்கு நுழைவுத் தேர்வு வைத்தால் அது சமத்துவம் இல்லை, சலுகை.

தோழிக்கு இன்று பதில் சொல்வேன்: ஓதத் தெரியாமல் போயிருந்தாலும் அவர் அந்த வரிசையில் நிற்க வேண்டியவர்தான்.