அரை விரற்கடை

பழைய வேனின் ஆட்டோ கியர்பாக்ஸ் பெரும்பாலும் ஒரே நாளில் கெட்டுவிடுவதில்லை. முதலில், காலையில் 'டி'யில் போட்டதும் வண்டி நகரச் சற்றுத் தயங்கும். பிறகு மேட்டில் இஞ்சின் மட்டும் இரையும், சக்கரம் ஈடுகொடுக்காது. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாடை வீசும். எண்ணெய் குறைவா, ஃபில்டர் அடைப்பா, கியர் கேபிள் தளர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகும் கோளாறு நீடித்தால், உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். பெட்டியை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

மலேசியாவின் தம்பின் வட்டாரத்தில், ரெப்பா, கெமஞ்சே, கெமாஸ் என்று ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த இடங்களில், இந்த வேலையை வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கும் குடும்பங்கள் உண்டு. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் வேன்தான் அந்த வீட்டின் வருமானம் என்றால், போர்மேன் கேட்கும் கூலியும் வண்டி ஓடாமல் நிற்கும் நாட்களும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும். அப்படி ஒரு வாசலில், பள்ளி விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அண்ணனும் தம்பியுமாக மாட்டி முடித்த பெட்டி வண்டியை ஓரடிகூட நகர்த்தவில்லை. இஞ்சினைக் கிளப்பியதும் இரும்பு அரைபடும் சத்தம்தான் கேட்டது. பெட்டியும் இஞ்சினும் சேரும் இடத்தில், அன்று மாலை அரை விரற்கடை இடைவெளி இருந்திருக்கிறது. அதைப் போல்ட் போட்டு இழுத்து மூடியிருந்தார்கள்.

மாற்றுப் பெட்டி ஹாஃப்கட் கடையில் கிடைக்கும். ஜப்பானில் ஓட்டம் முடிந்த வண்டிகளை அறுத்து, இஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தபடியே கப்பலேற்றிக் கொண்டுவருகிறார்கள். பெட்டியின் குறியீடு பழையதோடு ஒத்துப்போக வேண்டும். டார்க் கன்வர்ட்டரும் அதே பெட்டியோடு வந்ததாக இருப்பது நல்லது. அது எவ்வளவு தூரம் ஓடிய பெட்டி என்பதற்கு எண்ணெயின் நிறமும் வாடையும்தான் சாட்சி.

ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுவதைத் தம்பின் வேறு விதமாகவும் பார்த்திருக்கிறது. 1905-இல் இங்கிருந்து மலாக்காவுக்கு ஓடத் தொடங்கிய கிளை ரயிலின் தண்டவாளங்களை, ஜப்பானியர் காலத்தில் பெயர்த்து சயாம் – பர்மா பாதைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமான அந்த மரண ரயில் பாதையைப் போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் ஏற்றிப்போனார்கள். பலர் திரும்பவில்லை. தண்டவாளமும் திரும்பவில்லை. மலாக்கா நகருக்கு ரயில் இன்றும் கிடையாது, தம்பின் நிலையத்தில் இறங்கித்தான் போக வேண்டும். இந்தக் கதையைத் தாத்தா பாட்டி வாயால் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, கழற்றி விற்கப்படும் எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எதிலிருந்து வந்தது என்ற கேள்வி எழவே செய்யும். கியர்பாக்ஸ் வேலைக்கு இந்தக் கேள்வியால் பயன் ஏதுமில்லை. இருந்தாலும் அதை விட்டுவிட்டு இந்த ஊரைப் பற்றி எழுத முடியாது.

கழற்றுவதில் அறிவைவிடப் பொறுமைதான் அதிகம் செலவாகும். முதல் தலைமுறை டொயோட்டா எஸ்டிமா, பழைய நிசான் செரினா போன்றவற்றில் இஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது, கியர்பாக்ஸ் அதற்குப் பின்னால். வண்டியைத் தூக்கியதும் கெட்டியான ஸ்டாண்டுகளில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. பேட்டரி இணைப்பை எடுத்து, எண்ணெயை வடித்து, புரொப்பல்லர் ஷாஃப்ட், கியர் கேபிள், ஒயர்கள், கூலர் குழாய்கள், ஸ்டார்ட்டர் என்று ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். கன்வர்ட்டரை ஃபிளெக்ஸ் பிளேட்டோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை, இஞ்சினைக் கையால் சுற்றிச் சுற்றித்தான் எட்ட முடியும். கடைசியில் இஞ்சினுக்கு முட்டுக் கொடுத்து, குறுக்குச் சட்டத்தை எடுத்து, பெட்டியை மெல்ல இறக்க வேண்டும். இரண்டு ஆள் சேர்ந்தாலும் கனக்கும்.

ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் கூலரையும் கழுவியாக வேண்டும். செத்த பெட்டியின் உலோகத்தூள் அதில் தங்கியிருக்கும், புதிதாக வரும் பெட்டியையும் அது தின்றுவிடும்.

இனி அந்த அரை விரற்கடை. டார்க் கன்வர்ட்டர் என்பது எண்ணெய் நிரம்பிய கனத்த உருண்டை. இஞ்சினின் சுழற்சியை இரும்புப் பிணைப்பு இல்லாமல் எண்ணெயின் வேகத்தால் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் கப்பல்களுக்காக இந்தத் தத்துவத்துக்குக் காப்புரிமை பெற்ற ஆண்டும் 1905தான். பெட்டியை மாட்டும் முன் கன்வர்ட்டரை அதன் வாய்க்குள் தள்ளிச் சுழற்ற வேண்டும். முதலில் உள்ளே போகும் தண்டின் பற்களில் பிடிக்கும், பிறகு நடுவிலுள்ள ஸ்டேட்டர் தண்டில் பிடிக்கும், கடைசியாக அதன் கழுத்திலுள்ள வெட்டுகள் எண்ணெய் பம்பின் காதுகளில் விழும். ஒவ்வொரு முறையும் 'டக்'கென்று கைக்குத் தெரியும். மூன்றாவது விழாவிட்டால் கன்வர்ட்டர் சற்று முன்தள்ளியே நிற்கும். அந்த நிலையில் பெட்டியை ஏற்றினால் இஞ்சினோடு ஒட்டாது. போல்ட்டை முறுக்கினால் ஒட்டிவிடும், ஆனால் உள்ளே பம்ப் நொறுங்கும். பம்ப் இல்லையென்றால் அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லையென்றால் வண்டி நகராது.

"அண்ணே, இன்னும் கொஞ்சம்தான்லா. நாலு போல்ட்டும் மாத்தி மாத்தி முறுக்குனா வந்துரும்" என்று தம்பி சொல்ல, அண்ணன் ஸ்பேனரை நீட்டியிருக்கிறார். மறுநாள் பள்ளி திறக்கிறது, வெளிச்சமோ போய்க்கொண்டிருக்கிறது, தூக்கிய கனத்தைத் திரும்ப இறக்குவதென்றால் ஒரு நாள் உழைப்பு வீண். மூன்று சத்தமும் கேட்டதாகத் தம்பி பிறகும் உறுதியாகச் சொன்னார். அண்ணனுக்கு இரண்டுதான் நினைவிருந்தது.

இதே வட்டாரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தைக் கையால் அறிந்த ஒரு தலைமுறை இருந்தது. ரப்பர் மரத்தில் பால் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில், மரத்தின் வளர்திசுவை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. உளி அந்தத் திசுவுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மேலோடு வெட்டினால் பால் குறையும். ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். விடிகாலை இருட்டில், தலையில் கட்டிய விளக்கொளியில் அம்மா மரத்துக்கு மரம் ஓடி வெட்டுவதைப் பால் வாளியோடு பின்னால் போய்ப் பார்த்த பிள்ளைகள் இன்று வேன் ஓட்டுகிறார்கள். எப்படித் தெரிகிறது என்று அம்மாவைக் கேட்டால், கை சொல்லும் என்பாள். ஆனால் அந்தக் கை அப்படிச் சொல்லப் பழகும்வரை எத்தனையோ மரங்கள் காயப்பட்டிருக்கும். தோட்டத்தில் மரங்கள் ஏராளம், காயம் பட்டால் கங்காணியின் ஏச்சோடு முடிந்துவிடும். ஹாஃப்கட் பெட்டி ஒன்றுதான் இருக்கிறது.

கை பழகாதவர்களுக்கு அளவுகோல் இருக்கிறது. பெட்டியின் வாயில் ஒரு நேர்ச்சட்டத்தைக் குறுக்கே வைத்து, கன்வர்ட்டர் எவ்வளவு உள்ளே இறங்கியிருக்கிறது என்று அளக்கலாம். இஞ்சின் பக்கம் ஃபிளெக்ஸ் பிளேட் துருத்தி நிற்கும் அளவைவிட அது சில மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். பெட்டி கைவிசையிலேயே இஞ்சினோடு முழுக்க ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகும் கன்வர்ட்டர் தடையின்றிச் சுழல வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் பெட்டியை இறக்குவதுதான் சரி. மற்றதெல்லாம் கழற்றிய வரிசைக்கு எதிர்வரிசை. கடைசியில் எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றி, இஞ்சினைக் கிளப்பி, பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியரிலும் நிதானமாகப் போட்டு எடுத்து, சூடான பின் அளவு பார்த்து நிரப்ப வேண்டும்.

அளந்திருந்தால் பம்ப் தப்பியிருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சந்தேகம் வந்தவர்தான் அளப்பார். மூன்று சத்தம் கேட்டதாக நம்புகிறவருக்கு அளக்கத் தோன்றாது. அந்த இடைவெளி கண்ணெதிரே இருந்தபோதும், அவசரம்தான் அதைச் சின்னதாகக் காட்டியதா, அல்லது மறுநாள் ஓடியே ஆக வேண்டிய வண்டி வாசலில் நிற்கும்போது எந்தக் கைக்கும் அது அப்படித்தான் தெரிந்திருக்குமா என்பதற்கு இங்கே விடை இல்லை.