பேராசையும் சீட்டுக்கட்டும்



மார்க்கப் பத்திரிகையில் சினிமாப் பேச்சு எதற்கு என்று பெரியவர்கள் முகம் சுளிக்கக் கூடும். படம் பார்க்கச் சொல்ல நான் வரவில்லை. ஒரு படத்துக்கு நேர்ந்த கதியைச் சொல்ல வருகிறேன். அதில் நம் வீடுகளுக்கு ஒரு படிப்பினை இருக்கிறது.

1987-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'வால் ஸ்ட்ரீட்' என்றொரு படம் வெளிவந்தது. எடுத்தவர் ஆலிவர் ஸ்டோன். வால் ஸ்ட்ரீட் என்பது நியூயார்க்கில் பங்குச் சந்தை நடக்கும் தெரு. படத்திலே கார்டன் கெக்கோ என்று ஒரு பணமுதலை. கம்பெனிகளை வாங்குவான், துண்டு துண்டாக்கி விற்பான், அங்கே உழைத்தவர்கள் வேலையிழந்து நிற்பார்கள். அவன் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று, பேராசை நல்லதுதான் என்று பிரசங்கமே செய்கிறான்.

இது வெறுங்கற்பனையும் அல்ல. 1986-ல் ஐவன் போஸ்கி என்ற பங்குச் சந்தைப் புள்ளி, கலிஃபோர்னியாவில் ஒரு பல்கலைக் கழகப் பட்டமளிப்பு மேடையிலேயே இதே கருத்தைப் பேசினார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவருடைய குட்டு வெளிப்பட்டது. பிறர் அறியாத கம்பெனி இரகசியங்களை வாங்கி அதைக் கொண்டு சம்பாதித்தது அம்பலமாகி, 10 கோடி டாலர் கட்டினார். பிறகு சிறைக்கும் போனார்.

படத்துக்குத் திரும்புவோம். கெக்கோவின் வலையில் பட் என்ற இளைஞன் விழுகிறான். அவனுடைய தந்தை விமானக் கம்பெனியில் இயந்திரம் பழுது பார்க்கும் தொழிலாளி. தந்தை வேலை செய்யும் அந்தக் கம்பெனியையே கெக்கோ உடைத்து விற்கத் திட்டமிடும்போதுதான் மகனுக்குக் கண் திறக்கிறது. முடிவில் அவன் கைதாகிறான். அப்போது தந்தை அவனுக்குச் சொல்லும் புத்தி இதுதான்: சுலபப் பணத்தின் பின்னால் ஓடுவதை விடு, அடுத்தவர் வாங்கி விற்பதில் ஒட்டிப் பிழைக்காதே, உன் உழைப்பால் எதையேனும் உண்டாக்கு.

இதைக் கேட்கும்போது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை நினைவுக்கு வரவில்லையா? தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவு இல்லை என்றும், நபி தாவூது (அலை) அவர்கள் தம் கையுழைப்பிலேயே உண்டார்கள் என்றும் புகாரியில் பதிவாகியிருக்கிறதே!

ஆனால் நடந்தது என்ன? அந்தத் தந்தையின் சொல் எத்தனை பேர் நினைவில் இருக்கிறது? கெக்கோவின் சொல்தான் உலகமெங்கும் பரவியது. கெக்கோவைப் பார்த்துத்தான் பங்குச் சந்தைக்கு வந்தோம் என்று இளைஞர்கள் பலர் தம்மிடம் சொன்னதாக, அந்தப் படத்துக்குக் கதை வசனம் எழுதியவர்களில் ஒருவரான ஸ்டான்லி வைசரே பிற்காலத்தில் வருந்தியிருக்கிறார். எச்சரிக்கைப் பலகை என்று நட்டதை, வழிகாட்டிப் பலகை என்று எடுத்துக்கொண்டார்கள்!

மனித நஃப்ஸின் இயல்பு இது. பாவத்தின் பகட்டு கண்ணில் நிற்கும். அதன் முடிவு மனத்தில் நிற்காது.

சீட்டாட்டத்திலும் இதே கதைதான். 2003-ல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் போக்கர் என்னும் சீட்டாட்டப் பெரும்போட்டி. தலைக்கு 10,000 டாலர் நுழைவுப் பணம். 839 பேர் உட்கார்ந்தார்கள். வென்றவர் கிரிஸ் மணிமேக்கர் என்ற சாதாரணக் கணக்கர். இணையத்தில் நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டி ஆடி, அதன் மூலம் போட்டிக்குள் நுழைந்தவர். அவருக்குக் கிடைத்ததோ 25 இலட்சம் டாலர்! செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. அடுத்த ஆண்டு 2,576 பேர் வந்தார்கள். 2006-ல் 8,773 பேர்!

சிந்தித்துப் பாருங்கள். அந்த 25 இலட்சம் டாலர் எங்கிருந்து வந்தது? வயலில் விளைந்ததா? தறியில் நெய்ததா? தோற்றவர்கள் வைத்துவிட்டுப் போன பணம் அது. வென்ற ஒருவரை உலகம் அறியும். வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களின் பெயரை யார் அறிவார்? சூதின் கடைத்தெருவில் வென்றவனே விளம்பரம், தோற்றவனே சரக்கு.

வியாபாரத்தை அல்லாஹ் ஆகுமாக்கினான்; சூதாட்டத்தைத் தடுத்தான். துணி விற்றவருக்கு இலாபம் கிடைக்கிறது, வாங்கியவருக்குத் துணி கிடைக்கிறது. இருவரும் மனநிறைவோடு பிரிகிறார்கள். சூதிலோ ஒருவன் சிரிக்க வேண்டுமானால் இன்னொருவன் அழுதே ஆக வேண்டும்.

திருமறை பேசும் அழகைக் கவனியுங்கள். மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பலன்கள் உண்டு என்பதை அல்பகரா அத்தியாயத்தின் 219-ஆம் வசனம் மறைக்கவில்லை. ஆனால் அவற்றின் பாவம் பலனைவிடப் பெரிது என்று உடனே தராசில் நிறுத்துக் காட்டிவிடுகிறது. பின்னர் அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91 வசனங்கள், இவை ஷைத்தானின் அருவருப்பான செயல்கள் என்று அடியோடு விலக்கி, காரணத்தையும் சொல்லுகின்றன. உங்களுக்கிடையே பகையை மூட்டுவதும், அல்லாஹ்வின் நினைவை விட்டும் தொழுகையை விட்டும் உங்களைத் தடுப்பதுமே அவன் நோக்கம்.

"இது அதிர்ஷ்டம் அல்ல, திறமை ஆட்டம்" என்று நம் பிள்ளைகள் வாதாடுவார்கள். நீதிமன்றத்திலும் இந்த வாதம் நடந்தது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம், திறமை ஆட்டங்களான ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 2025 ஆகஸ்டில், திறமை ஆட்டமாயினும் பணம் வைத்து இணையத்தில் ஆடக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் இன்று ஒன்று சொல்லும், நாளை ஒன்று சொல்லும். மார்க்கத்தின் சொல் மாறுவதில்லை. ஆடுபவர்கள் ஆளுக்கொரு தொகை வைத்து, வென்றவன் தோற்றவனுடையதை அள்ளிக்கொண்டால், திறமை இருந்தாலும் அது சூதுதான்.

முன்பெல்லாம் சூதாடப் போகிறவன் நாலு பேர் கண்ணுக்குத் தப்பிச் சந்து பொந்துகளைத் தேட வேண்டும். இன்றோ தலையணைக்கு அடியில் இருக்கும் செல்போனே சூதாட்டக் கொட்டகை. தாய்மார்களே, மகன் இரவெல்லாம் விழித்திருந்து பஜ்ருக்கு எழாமல் கிடந்தால், உடம்புக்கு என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். கையில் என்ன என்றும் கேளுங்கள். கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மீறுகிறான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். வீட்டில் காரணமில்லாத பொய் நுழைந்தால், பின்னால் கடன் நிற்கிறதா என்று பாருங்கள்.

கண்டுபிடித்தால் ஊர் கூட்டி அவமானப்படுத்தாதீர்கள். வெட்கமே பலரை மேலும் ஆழத்தில் தள்ளுகிறது. "இன்னும் ஒரே ஓர் ஆட்டம், விட்டதைப் பிடித்துவிடுகிறேன்" என்று அவன் கெஞ்சினால் மட்டும் ஒரு காசும் கொடுக்காதீர்கள். அருகில் உட்கார்ந்து கடனைக் கணக்கெடுங்கள். உழைத்து அடைக்க வழி செய்யுங்கள். வென்ற பணம் கையில் இருந்தால் அதுவும் அவனுடையது அல்ல. உரியவர் தெரிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். தெரியாவிட்டால், நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துக் கைகழுவ வேண்டும். "வா, சூதாடுவோம்" என்று தோழனை அழைத்தவன்கூட அதற்காகத் தர்மம் செய்யட்டும் என்பது நபிமொழி. அழைப்புக்கே பரிகாரம் என்றால், ஆட்டத்தின் கனத்தை எண்ணிப் பாருங்கள்!

ஆதமின் மகனுக்கு இரண்டு ஓடை நிறையச் செல்வம் இருந்தாலும் மூன்றாவதைத் தேடுவான், அவன் வயிற்றை மண்ணைத் தவிர வேறொன்றும் நிரப்பாது என்றார்கள் அண்ணலார் (ஸல்) அவர்கள். அதே நபிமொழியின் இறுதியில் ஒரு கதவும் திறந்திருக்கிறது. தவ்பா செய்து மீளுகிறவனின் தவ்பாவை அல்லாஹ் ஏற்றுக்கொள்கிறான்.

பெற்றோர்களே! வென்றவன் கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கைது செய்யப்பட்ட மகனுக்கு அந்தத் தொழிலாளித் தந்தை சொன்ன சொல்லைச் சொல்ல உங்களை விட்டால் யார் இருக்கிறார்? அவர் சொன்னது காலம் கடந்து. நீங்கள் காலம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களைப் பேராசையிலிருந்து காப்பாயாக! ஹலாலான உணவில் பரகத் செய்வாயாக! வழிதவறிய எங்கள் பிள்ளைகளை வீட்டுக்கும் தொழுகைக்கும் திருப்பித் தருவாயாக! ஆமீன்.