மௌனம் சம்மதமா?

‘மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி’ என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு சொல். மணப்பெண் தலைகுனிந்து நிற்கும்போது பெரியோர் இதனைக் கூறுவர். ஊர்க்கூட்டத்தில் எவரும் எதிர்த்துப் பேசாதபோது தலைவர் இதனைக் கூறுவர். இச்சொல் உண்மைதானா என்று ஆராய்ந்தவர் சிலரே. ஒருவன் உடன்படுவதால் பேசாதிருக்கலாம், அறியாமையால் பேசாதிருக்கலாம், அச்சத்தால் பேசாதிருக்கலாம், எவரும் தன்னைக் கேளாமையாலும் பேசாதிருக்கலாம். இந்நான்கையும் ஒன்றாகக் கொள்வதால் நன்மை அடைபவன் யார்? பேசாதவன் அல்லன். கேளாமலே வேலை வாங்கி, வாய் திறவாமையை இசைவு என்று கொண்ட வழக்கங்களின் சுமையைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கியவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வினா இன்று, கணிப்பொறி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் சேவைகளையும் விளையாட்டுக்களையும் வடிவமைப்போர் முன் நிற்கின்றது. கோடிக்கணக்கானோர் கைக்குச் செல்லும் ஒரு செயலியை வடிவமைப்பவர், ஒவ்வொருவரையும் நேரில் கண்டு கேட்க இயலாது. ஆதலின், ‘மறுக்காதவர் அனைவரும் உடன்பட்டவரே’ என்னும் கொள்கையை அவர் தம் அமைப்பினுள்ளேயே வைத்துவிடுகின்றார். இது மூன்று வகையாக நிகழ்கின்றது.

முதலாவது, விரலின் மௌனம். முற்காலத்தில் இணையப் பக்கம் ஒன்றுக்கு முடிவு இருந்தது. அடியில் வந்ததும் ‘அடுத்த பக்கம்’ என்பதை நாமே அழுத்த வேண்டும். அச்சிறு இடைவெளி, ‘இன்னும் வேண்டுமா?’ என்று நம்மைக் கேட்பதற்கு ஒப்பாகும். 2006-ஆம் ஆண்டில் ஏசா ராஸ்கின் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர், முடிவே இன்றிப் பக்கம் நீண்டுகொண்டே செல்லும் முறையை வகுத்தார். பின்னாளில் அதன் விளைவைக் கண்டு அவரே வெளிப்படையாக வருந்தினார். அம்முறை நீக்கியது ஒரு பொத்தானை மட்டுமன்று, ஒரு கேள்வியை. கேள்வி நீங்கியபின், நிறுத்தாமை விருப்பமாகக் கணக்கிடப்படுகின்றது.

இரண்டாவது, கட்டத்தின் மௌனம். ‘என் விவரங்களைப் பயன்படுத்த இசைகிறேன்’ என்ற வாசகத்தின் அருகிலுள்ள கட்டத்தில் முன்னரே குறியிட்டு வைத்துவிட்டு, அதனை நீக்காதவர் எல்லாரும் இசைந்தவர் என்று கொள்வது ஒரு வழக்கம். ஜெர்மனியில் பிளானட்49 என்னும் நிறுவனம் தன் பரிசுப் போட்டித் தளத்தில் இவ்வாறு செய்தது. அவ்வழக்கில், முன்னரே குறியிட்ட கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபர் 1-ஆம் நாள் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் தெளிவான ஒரு செயலால் தெரிவிக்கப்படல் வேண்டும் என்று வகுத்துள்ளது. அதே ஆண்டு நவம்பரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகையான ஏமாற்று வடிவமைப்புக்களைப் பட்டியலிட்டது. வாங்குவோர் கேளாமலே வேறு பொருளையோ நன்கொடையையோ விலைப்பட்டியலில் சேர்ப்பது அவற்றுள் ஒன்று. எனவே, இவ்விரண்டாம் வகையில் சட்டம் ஓரளவு விழித்துக்கொண்டது எனலாம்.

மூன்றாவது வகையே மிகவும் சிந்தித்தற்குரியது. அஃது இடத்தின் மௌனம். ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ எனப்படும் முறை, கைப்பேசியின் காமிராவில் தெரியும் உண்மையான தெருவின்மீது, அங்கு இல்லாத உருவத்தைப் பொருத்திக் காட்டுவதாகும். 2016 ஜூலையில் நியான்டிக் நிறுவனம் வெளியிட்ட ‘போக்கிமான் கோ’ என்னும் விளையாட்டு இம்முறையை உலகறியச் செய்தது. விளையாடுவோர் நாடிச் செல்லவேண்டிய இடங்கள், பெரும்பாலும் அந்நிறுவனத்தின் முந்தைய விளையாட்டு ஒன்றில் ஆடினோர் குறித்துக் கொடுத்தவை. அவ்விடங்களில் வாழ்வோரை எவரும் கேட்கவில்லை. விளைவு யாது? வாஷிங்டனில், யூதப் படுகொலையில் மாண்டோரின் நினைவுக் காட்சிசாலையினுள் மக்கள் கற்பனை உயிர்களைப் பிடித்துத் திரிந்தனர். ஹிரோஷிமாவின் அமைதி நினைவுப் பூங்காவிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அணுகுண்டு விழுந்த ஆகஸ்டு 6-ஆம் நாளின் அஞ்சலிக்கு முன் அக்குறியிடங்களை நீக்குமாறு நகராட்சி வேண்ட, அவை நீக்கப்பட்டன. அமெரிக்காவில் வீட்டு உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். அது 2019-இல் சமரசத்தில் முடிந்தது. தனி வீட்டிலோ அதிலிருந்து 40 மீட்டருக்குள்ளோ உள்ள குறியிடத்தை, உரிமையாளர் முறையிட்டால் நீக்குவது என்பது அச்சமரசத்தின் ஒரு பகுதி.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. முறையிட்டவர் எவரும் அவ்விளையாட்டை ஆடவேண்டும் என்பதில்லை. அவருட் சிலர் அதன் பெயரையே அறியாதிருந்திருக்கலாம். வடிவமைப்போர் ‘பயனாளர்’ என்ற ஒருவரையே மனத்தில் வைத்து உழைக்கின்றனர். பயன்படுத்தாதவரோ அவர்தம் கணக்கிலேயே இல்லை. கணக்கில் இல்லாதவரின் வாயிலில் கூட்டம் சேர்ந்தபின், ‘வேண்டாமெனில் விண்ணப்பம் செய்க’ என்று கூறப்படுகின்றது. இடையூறு செய்தவர் உழைக்க வேண்டியதற்கு மாறாக, இடையூறுற்றவரே உழைக்கின்றார்.

இதற்கு மறுப்பும் உண்டு. எல்லாரையும் கேட்ட பின்னரே ஒன்றைச் செய்யலாம் எனின், புதியது எதுவும் தோன்றாது. பொதுவிடம் எல்லார்க்கும் உரியது. ஒருவர் வெறுப்பதனால் மற்றவர் களிப்பைத் தடுக்கலாகாது என்பர். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. அமெரிக்காவின் மில்வாக்கி மாவட்டம், தன் பூங்காக்களில் இத்தகைய விளையாட்டுக்களுக்கு முன்னனுமதி வேண்டும் என்று 2017-இல் விதித்தபோது, அது கருத்துரிமைக்கு முரண் என்று கருதி அவ்விதியை நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. அனுமதி வழங்கும் அதிகாரம் ஓர் அலுவலகத்தின் கையில் சேர்வதும் தீங்கே என்பதை ஏழை மக்கள் நன்கறிவர்.

ஆயினும் இம்மறுப்பு, அரசு தடுக்கலாமா என்ற வினாவிற்கு விடையாகுமேயன்றி, செய்பவன் கேட்க வேண்டுமா என்ற வினாவிற்கு விடையாகாது. சட்டம் தடுக்காத செயல்கள் யாவும் அறமாகிவிடா. எல்லாரையும் கேட்பது அரிது என்பது மெய். ஆனால் இடுகாடு, நினைவிடம், வழிபாட்டிடம், குடியிருப்பு இவற்றை முதலிலேயே விலக்கி வைப்பது அரிதன்று. பிறர் நிலத்தில் கால்வைத்துப் பொருள் ஈட்டுவோர்க்கே கேட்கும் கடமை உண்டு. நிலத்தில் இருப்பவர்க்கு மறுக்கும் கடமை இல்லை.

நம் இளைஞர் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் இத்தொழிலில் அமர்ந்துள்ளனர். ஒரு சேவையை வகுக்கும் கூட்டத்தில் அவர்கள் இரு வினாக்களை எழுப்புவாராக: இதனைப் பயன்படுத்தாதவர்மேல் இதன் சுமை எவ்வாறு விழும்? மறுக்க விரும்புவோர் எத்தனை படிகள் ஏறவேண்டும்? ஏற்பதற்கு ஒரு படியும் மறுப்பதற்கு ஒன்பது படியும் இருக்குமாயின், அங்கே பெறப்படுவது சம்மதமன்று, சோர்வு. அதனைச் சம்மதம் என்று பெயரிட்டு எழுத மறுப்பது, அக்கூட்டத்தில் மிக இளையவராலும் செய்யத்தக்க செயலாகும்.